நிலக்கடலை இல்லை

எனக்குப் படிக்கத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு மாதமாகக் கோவில்பட்டியில் பாதிப் பேர் எனக்குப் படிக்கத் தெரியாது என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். மீதிப் பேர், தெரிந்தும் படிக்காத சோம்பேறி என்கிறார்கள். இரண்டாவது கூட்டம் பேசியதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

என் பெயர் செண்பகவல்லி. நகராட்சிப் பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சர். வாரத்துக்கு இரண்டு பீரியட் 'சீட்டு வாசிப்பு' என்று ஒரு பாடம் இப்போது எல்லாப் பள்ளியிலும் உண்டு. கடையில் வாங்கும் உணவுப் பொட்டலத்தை எப்படிப் படிப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்கள் பள்ளியில் அந்தப் பாடத்தை எடுத்தவள் நான்தான். "முன்பக்கத்துல என்ன இருக்கும்?" என்று கேட்பேன். "பெருமை டீச்சர்!" என்று முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் கத்தும். "பின்பக்கத்துல?" "உண்மை டீச்சர்!" சேர்மானப் பட்டியலில் எது முதலில் வருகிறதோ அதுதான் உள்ளே அதிகம். மாம்பழச் சாறு என்று முன்னால் படம் போட்டிருப்பான். பின்னால் பார்த்தால் முதலில் தண்ணீர், அடுத்து சர்க்கரை, மூன்றாவதாகத்தான் மாம்பழம் கூச்சப்பட்டு நிற்கும். இதைச் சொன்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். 'இந்தத் தேதிக்குள் சாப்பிட்டால் ருசி குறையாது' என்பது வேறு, 'இந்தத் தேதிக்கு மேல் சாப்பிடாதே' என்பது வேறு என்று புரியவைக்க மட்டும் ஒரு மாதம் ஆகும்.

அந்தப் பாடத்தை இப்போது வேறொரு டீச்சர் எடுக்கிறார். என்னிடம் கணக்கும் கைவேலையும்தான் மிச்சம்.

சீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன்பு வரை பொட்டலத்தில் என்ன அச்சடித்தார்களோ அதுதான் கடைசி வரைக்கும். பிறகு உயிர்ச்சீட்டு வந்தது. அதைச் செய்கிற ஒரு கம்பெனி சிவகாசியில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் மாரீஸ்வரன் அங்கேதான் வேலை. முதல் சீட்டை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பால் பாக்கெட் ஒன்றில் அதை ஒட்டி, ஜன்னல் வெயிலில் வைத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினாறாம் தேதி என்று இருந்தது பதினைந்தாகி, பதினான்காயிற்று.

"பேப்பர்தான். ஆனா மைக்கு உசுரு இருக்கு" என்றார். "சூட்ட அதுவே கண்டுபிடிச்சுக்கும். வெயில்ல வெச்சா தேதியக் கொறைக்கும். யாரும் சொல்ல வேண்டியதில்ல."

"மத்த எழுத்தெல்லாம்?"

"அத நாங்க சொல்லுவோம். சேர்மானத்துல ஒரு தப்பு வந்துருச்சுன்னு வையி. முன்னாடின்னா லட்சம் பாக்கெட்டயும் கடை கடையா ஏறித் திருப்பி வாங்கணும். இப்ப சிவகாசியில நான் ஒரு பட்டன அமுக்குனா போதும். ஒவ்வொரு சீட்டும் கால் மணிக்கு ஒருக்க டவர்கிட்ட 'எதும் சேதி உண்டா'ன்னு கேக்கும். கேட்டு எழுத்த மாத்திக்கும்."

"டவர் எடுக்காத எடத்துல இருந்தா?"

"எடுக்கிற எடத்துக்கு வந்ததும் கேட்டுக்கும். எங்க குடோன் முழுக்க இரும்பு. கதவ அடைச்சா போனும் அடிக்காது, சீட்டும் பேசாது. வெளிய எடுத்தா மறுபடி பேச ஆரம்பிச்சிரும்."

நான் கேட்டேன்: "நான் வாங்கிட்டு வந்த பெறகு நீங்க எழுத்த மாத்திட்டா, வாங்கும்போது என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

அவர் சிரித்தார். "கம்பெனி கம்ப்யூட்டர்ல எல்லாம் பதிவா இருக்கும் டீச்சரம்மா. உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?"

அதோடு அந்தப் பேச்சை விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

எங்கள் மகள் ஆதிரைக்கு எட்டு வயது. அவளுக்கு நிலக்கடலை ஆகாது. ஒரு பருக்கை உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அதற்கு அவள் வந்து பிறந்த ஊரைப் பாருங்கள், கோவில்பட்டி. தெருவுக்குத் தெரு கடலைமிட்டாய்ப் பட்டறை, காற்றிலேயே வறுகடலை வாசம். அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் கடைக்காரர்கள் கன்னத்தைத் தட்டி மிட்டாய் நீட்டுவார்கள். நான் பத்திரகாளியாகிப் பிடுங்கி எறிவேன். என்னைத் திமிர் பிடித்தவள் என்று ஊர் சொல்ல ஆரம்பித்தது அப்போதே.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வீட்டில் ஒருவர் 'வாசிப்புப் பொறுப்பாளர்' என்று அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும். பிள்ளை வாயில் போகும் ஒவ்வொன்றின் சீட்டையும் அவர் படித்துச் சரி சொல்ல வேண்டும். பள்ளியிலிருந்து கேட்டாலும் அவரைத்தான் கேட்பார்கள். ஆதிரைக்கு அந்தப் பொறுப்பாளர் நான். எட்டு வருஷத்தில் ஒரு பிஸ்கட் தவறியதில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை நான் கடையில் இரண்டு இட்லிப்பொடிப் பாக்கெட் வாங்கினேன். வழக்கமாக வாங்குகிற அதே பொடிதான். கடையில் நின்று படித்தேன். சேர்மானம்: உளுத்தம்பருப்பு, துவரம்பருப்பு, எள், மிளகாய் வற்றல், பெருங்காயம், உப்பு. அதற்குக் கீழே பச்சைப் புள்ளி போட்டு, 'நிலக்கடலை இல்லை'. வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் வைத்து இன்னொரு தரம் படித்தேன். அது என் பழக்கம்.

ஒரு பாக்கெட் எங்களுக்கு. இன்னொன்று பக்கத்து வீட்டு மெர்சி அக்காவுக்கு. மறுநாள் அவர் மஸ்கட்டில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கிளம்புகிறார், மருமகளுக்குப் பேறுகாலம். எங்கள் பக்கத்தில் யாரும் பொட்டலத்தைப் பொட்டலமாகக் கொடுக்க மாட்டோம், அடுக்களையிலும் வைத்துக்கொள்ள மாட்டோம். எல்லாம் எவர்சில்வர் டப்பாவுக்குப் போய்விடும். சீட்டிலேயே சேமிக்கும் முறை என்று போட்டிருப்பதும் அதைத்தான் சொல்கிறது, 'திறந்தபின் காற்றுப் புகாத பாத்திரத்துக்கு மாற்றவும்'. எங்கள் கல்யாணச் சீர் டப்பா ஐந்து உண்டு. மூடியில் 'செ. மா.' என்று புள்ளி குத்திப் பேர் வெட்டியது. திறந்தால் 'டப்' என்று சத்தம் வரும், அவ்வளவு இறுக்கம். அதில் ஒன்றில் அக்காவுக்குப் பொடியைக் கொட்டினேன். சீட்டைக் கத்தரித்து, மடக்காமல், உள்ளேயே பொடி மேல் வைத்து மூடினேன். டப்பா மேல் ஒட்டினால் கழுவும்போது போய்விடும், அதனால் நான் எப்போதும் உள்ளேதான் போடுவேன்.

எங்கள் பாக்கெட்டைத் திங்கட்கிழமை காலை அவசரத்தில் முனையை வெட்டி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். சாயங்காலம் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவசரத்திலும் வெட்டுவதற்கு முன்னால் படித்தேன். பச்சைப் புள்ளி இருந்தது.

இரண்டாவது இட்லி முடிக்கவில்லை. "அம்மா, நாக்கு தடிச்சிருக்கு" என்றாள் ஆதிரை.

ஒவ்வாமைக்கென்று வீட்டில் வைத்திருந்த பேனா ஊசியை அவள் தொடையில் குத்தியது நான். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடியது நான். ஆட்டோவில் அவள் உதடு நீலமாகிக்கொண்டு வந்ததைப் பார்த்தது நான். அவர் சிவகாசியிலிருந்து வந்து சேர்வதற்குள் பிள்ளைக்குத் தொண்டையில் குழாய் போட்டிருந்தார்கள். ஒன்பது நாள் அந்தக் குழாய் இருந்தது.

வந்தவர் மதியம் வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு அவருக்குப் போன் வந்தது. எழுந்து நின்று, சட்டைப்பையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கம்பெனி ஆஸ்பத்திரி கார்டுக்கு ஒரு கையெழுத்து வேணுமாம். போயிட்டு ஓடியாந்துருதேன்." இருட்டுவதற்குள் திரும்பி வந்தார். பிளாஸ்கில் காப்பி வாங்கி வந்திருந்தார். "குடி செண்பகம், காலையிலேருந்து ஒண்ணும் திங்கல" என்றார். அந்தக் காப்பியை நான் குடித்தேன்.

மறுநாள் காலை உணவுப் பாதுகாப்பு அதிகாரி எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தார். அடுக்களை மேடையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட பாக்கெட்டை எடுத்து, திருப்பி, என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"படிங்க டீச்சர்."

உளுத்தம்பருப்பு, துவரம்பருப்பு, நிலக்கடலை, மிளகாய் வற்றல். கீழே சிவப்புப் புள்ளி. 'நிலக்கடலை உள்ளது'.

"இது இப்படி இல்ல சார்" என்றேன். "எள்ளுன்னு இருந்துச்சு. பச்சை இருந்துச்சு."

அவர் கையிலிருந்த கணினிப் பலகையைத் தட்டிக் காட்டினார். கம்பெனிப் பதிவு. பொட்டலம் கட்டிய நாளிலிருந்தே நிலக்கடலை உள்ளது என்றுதான் இருந்தது. "எள்ளுக்குத் தட்டுப்பாடும்மா. மாத்திட்டாங்க, மாத்துனத சீட்டுலயும் போட்டுட்டாங்க. நீங்கதான் பழைய ஞாபகத்துல எடுத்துட்டீங்க. இந்த வாரத்துல நீங்க மூணாவது ஆளு. யாருமே படிக்க மாட்டேங்கிறீங்க" என்று அலுத்துக்கொண்டார்.

நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை எனக்காகப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் பாக்கெட்டைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நீ படிக்கலையா செண்பகம்?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் நான் உடைந்துபோனேன். ஏனென்றால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. படித்தேனா, படித்ததாக நினைத்துக்கொண்டேனா? நூறு தடவை ஒரே பொடியை வாங்கியவளின் கண், இருப்பதைப் பார்க்குமா, பழகியதைப் பார்க்குமா? என் கண் மேலிருந்த நம்பிக்கையே போயிற்று. அதற்குப் பிறகு உப்புப் பாக்கெட்டைக்கூட மூன்று முறை படித்துவிட்டு, வெளியே வந்து, மறுபடி போய்ப் படித்தேன்.

பொறுப்பாளர் பதிவு அவர் பேருக்கு மாறியது. மாமியார் சாத்தூரிலிருந்து வந்து ஒரு வாரம் இருந்தார். நான் அடுப்படிக்குள் போனால் பின்னாலேயே வந்து நின்றார். அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். ஆதிரை வீடு திரும்பிய முதல் சாயங்காலம் நான் தட்டில் இட்லி வைத்து, சர்க்கரை வைத்தேன். அவள் கையைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குழாய் போட்ட தொண்டையிலிருந்து குரல் கரகரப்பாகத்தான் வந்தது.

"அப்பா வந்து படிக்கட்டும்மா. அப்புறமா தின்னுக்கிடுதேன்."

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். தினமும் சாயங்காலம் அவர் வருகிற வரைக்கும் பிள்ளை பசியோடு காத்திருப்பாள். அவர் வந்து கை கால் கழுவி, சர்க்கரைப் பாக்கெட்டை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சத்தமாகப் படிப்பார். "சர்க்கரை. வேற ஒண்ணும் இல்ல. தின்னு கண்ணு." அவள் அவரைச் சாமியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். நான் வாசலில் நின்று பார்ப்பேன். ஆறு மாதம் அப்படியே போயிற்று.

நேற்று, சனிக்கிழமை காலை, மெர்சி அக்கா மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்தார். ஒரு கையில் பேரீச்சம்பழம், இன்னொரு கையில் என் 'செ. மா.' டப்பா.

"கோவிச்சுக்காத தாயி. பெட்டி எடை கூடிப்போச்சு. கெளம்புற அவசரத்துல இதத் தூக்கி அலமாரியில வெச்சிட்டு வீட்டப் பூட்டிட்டுப் போயிட்டேன். தொறக்கவே இல்ல. இந்நேரம் கெட்டுப்போயிருக்கும். டப்பாவ மட்டும் கழுவி எடுத்துக்க."

என் கை சும்மாதான் திறந்தது. 'டப்' என்றது மூடி. பொடி வாசம் வந்தது, சிக்குப் பிடித்த எண்ணெய் வாசமும் சேர்ந்து. பொடி மேல் நான் கத்தரித்துப் போட்ட சீட்டு அப்படியே இருந்தது. மேல் வரியில் 'காலாவதியானது, உண்ண வேண்டாம்' என்று அதுவாகவே மாற்றிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே உளுத்தம்பருப்பு, துவரம்பருப்பு, எள். பச்சைப் புள்ளி. நிலக்கடலை இல்லை.

நான் மூடியைப் போட்டு இரண்டு கையாலும் அமுக்கினேன். பத்து விநாடி இருக்குமா? அதற்குள் அது டவரோடு பேசியிருக்குமா? கால் மணிக்கு ஒரு தடவைதானே கேட்கும்? கேட்கிற நேரம் இதுவாக இருந்திருந்தால்? டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னட்டி ஆச்சு? பாம்பா கெடக்கு உள்ள?" என்று பதறினார் அக்கா.

சொன்னேன். ஆறு மாதக் கதையையும் சொன்னேன். அக்கா மஸ்கட்டில் இருந்தபோது போனில் கேள்விப்பட்டது வேறு, செண்பகம் கவனமில்லாமல் இருந்துட்டா என்று. கேட்டுவிட்டு அவரும் தரையில் உட்கார்ந்தார்.

"அப்ப எழுத்த மாத்துனது..."

"இரும்புக்குள்ள வெச்சா சீட்டு பேசாதுன்னு அவர்தான்க்கா சொன்னாரு. எவர்சில்வரும் அப்பிடித்தான் போல. என் பாக்கெட் மேடையில கெடந்துச்சு, மாறிருச்சு. இது டப்பாக்குள்ள இருந்துச்சு, மாறல."

"யாரு மாத்துனா?"

சிவகாசியில் பட்டனை அமுக்குகிற பிரிவில் மூன்று பேர்தான் வேலை. அந்த மூவரில் ஒருவர் என்னோடு ஒரே பாயில் படுக்கிறவர். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

"ஒரு போட்டோ எடுத்துருவோமா?" என்றார்.

"போட்டோவ இப்ப யாருக்கா நம்புதா? பச்சைப் பிள்ளகூட போட்டோவுல எத வேணும்னாலும் மாத்துது. டப்பா டப்பாவாவே ஆபீசுக்குப் போகணும். அங்க டவர் எட்டாத ரூம் இருக்குமாம். அங்க வெச்சுத் தொறந்தா அந்த எழுத்து என்னிக்கி எழுதுனதுன்னு சீட்டுக்குள்ள இருக்கிற தேதியயும் எடுத்துருவாங்க."

"அப்ப வா, இப்பமே போவோம்."

"இன்னிக்கி ஆபீஸ் லீவுக்கா. திங்கட்கிழமதான் தொறப்பாங்க." அது உண்மைதான். ஆனால் எனக்குத் தேவைப்பட்டதும் அந்த இடைவெளிதான். என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் நடந்திருக்கலாம். மற்ற இரண்டு பேரில் ஒருவர் செய்திருக்கலாம். பதினொரு வருஷம் என் சமையலைச் சாப்பிட்டவர். காய்ச்சலில் கிடந்தால் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். தெரிந்துகொள்ளாமல் அவரைக் கெட்டவராக்க எனக்கு மனசு வரவில்லை. மெர்சி அக்காவிடம் ஒரு உதவி கேட்டேன். செய்தார். அது என்னவென்று பிறகு சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் சாயங்காலம் ஆறரைக்கு வந்தார். ஆதிரை தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் 'செ. மா.' டப்பாவைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன்.

"மெர்சி அக்கா திருப்பித் தந்தாக. அன்னிக்கி வாங்குன ரெண்டாவது பாக்கெட்டு. சீட்டும் உள்ளதான் போட்டேன். அன்னையிலேருந்து தொறக்கவே இல்லையாம்."

அவர் டப்பாவைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த விரல்களின் நகம் வெளுத்தது. நான் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த நகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ தொறந்து பாத்தியா?"

"இல்ல. பயமா இருந்துச்சு. உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்கப் பயமா இருந்துச்சு. நான் படிச்சது சரின்னா ஒரு கேள்வி, தப்புன்னா நான் செத்தேன்." இந்தப் பதிலில் திறந்து பார்க்கவில்லை என்ற ஒன்றுதான் பொய்.

"குடு. திங்கக்கெழம நானே கம்பெனி லேப்ல குடுத்துப் பாக்குதேன். அங்க எல்லா வசதியும் இருக்கு."

"தொறந்துராதீங்க. டவர் பட்டா எழுத்து மாறிரும்னு நீங்கதான் சொன்னீங்க."

"எனக்கே சொல்லித்தர்றியா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானதுதான். "ஒரு போன் பேசிட்டு வாரேன். பாப்பா, ரெண்டு நிமிஷம்."

டப்பாவோடு மாடிப்படி ஏறினார். போன் பேச எதற்கு டப்பா என்று கேட்கவில்லை. நான் அடுக்களையில் நின்றேன். மேலே மொட்டை மாடி. அங்கேதான் எங்கள் வீட்டில் டவர் நன்றாக எடுக்கும். திறக்காதீங்க, திறக்காதீங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். மூடியைத் திறக்காமல் அவர் திரும்பி வந்தால் ஆறு மாதத்தையும் மன்னித்துவிடுவது என்றே வைத்திருந்தேன். மேடையில் இட்லித் தட்டிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

மேலே 'டப்' என்று சத்தம் கேட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. காலிலிருந்து தலை வரை ஒரு கோபம் வந்து, அதுவும் உடனே இறங்கிவிட்டது. என்னை ஏமாற்றிவிட்டான் என்று முதல் தடவையாக மனசுக்குள் அவரை 'ன்' போட்டு நினைத்தேன்.

மெர்சி அக்காவிடம் கேட்ட உதவி இதுதான். உண்மையான டப்பா அவர் வீட்டு இரும்பு பீரோவில் இருந்தது, சேலைகளுக்கு நடுவே, சாவி அவர் இடுப்பில். என் வீட்டுக்காரர் மாடியில் திறந்தது சீர் டப்பா ஐந்தில் இன்னொன்று. அதில் பொடி இல்லை, உயிர்ச்சீட்டும் இல்லை. பள்ளிக்கூட நோட்டில் கிழித்த ஒரு தாளில் நான் பேனாவால் எழுதிய ஒரே ஒரு வரிதான் இருந்தது. சாதாரண நீல மை. எந்த டவர் சொன்னாலும் கேட்காத மை.

அவர் இறங்கி வர வெகுநேரம் ஆயிற்று. ஒரு கையில் திறந்த டப்பா, இன்னொரு கையில் தாள். படியிலேயே நின்றார்.

"எப்பத்திலேருந்து தெரியும்?" என்று நான்தான் கேட்டேன்.

"அன்னிக்கி மத்தியானம்." அவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். "போன் வந்துச்சில்ல. நாப்பதாயிரம் பாக்கெட்டு, பதிவயும் சேத்துப் பழைய தேதி போட்டு மாத்தணும்னாங்க. பொடி பேரப் பாத்ததும் எனக்குக் கை ஓடல செண்பகம். பிள்ள உள்ள குழாயோட கெடக்கா. ஆஸ்பத்திரி கார்டு கம்பெனியோடது. நான் முடியாதுன்னா கார்டு போயிரும், இன்னொருத்தன் அமுக்கிருவான். அமுக்குனா பிள்ளையாவது..."

"சரி. அத விடுங்க" என்றேன். "பிள்ளைக்காக அமுக்குனீங்க. நான் அங்க இருந்திருந்தாலும் அமுக்கியிருப்பேனோ என்னமோ. ஆனா மறுநா அந்த ஆபீசர் முன்னாடி எம்மூஞ்சியப் பாத்து 'நீ படிக்கலையா'ன்னு கேட்டீகளே. அதையும் கம்பெனியா கேக்கச் சொல்லுச்சு?"

அவர் திறந்த டப்பாவைப் படியில் வைத்தார்.

"இன்னும் ரெண்டு வீட்டுல இதே மாதிரி ஒருத்தி உக்காந்து அழுதிட்டு இருப்பா. நான் படிச்சேனா படிக்கலையான்னு. ஆறு மாசம் நான் பைத்தியம் பிடிச்சுத் திரிஞ்சத இந்த வீட்டுக்குள்ளயே பாத்தீகளே. ஒரு நா, ஒரே ஒரு நா, காதோரமாச் சொல்லியிருக்கலாமில்ல? நான் யார்கிட்ட போய்ச் சொல்லப்போறேன்?"

"சொல்லணும்னுதான்..."

"இப்ப மாடிக்குப் போனது அதுக்குத்தானா?"

ஆதிரை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சண்டை என்று தெரிகிறது, என்ன சண்டை என்று தெரியவில்லை. பசி வேறு. அவள் எழுந்து வந்து அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"அப்பா, இது எந்தப் பாக்கெட்டுச் சீட்டு? படிங்கப்பா."

அவர் கண்ணாடியை எடுக்கவில்லை. "அப்பாவுக்கு முடியல கண்ணு" என்றார்.

"குடுங்க, நான் படிக்கேன்." வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். அது நான் சொல்லிக்கொடுத்தது. எப்போதும் வெளிச்சத்தில் வைத்துப் படி. பிறகு பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள், அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி முன்பக்கம் திருப்பி, கரகரத்த குரலில் சத்தமாகப் படித்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியும்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இது உன் எழுத்தும்மா."

"ஆமா."

நாளை, திங்கட்கிழமை, பத்து மணிக்கு மெர்சி அக்காவும் நானும் அந்த டப்பாவோடு ஆபீசுக்குப் போகிறோம். பத்து விநாடி திறந்ததில் எழுத்து பிழைத்ததா, இல்லை அதுவும் மாறிவிட்டதா என்று அங்கே திறக்கும்போதுதான் தெரியும். மாறியிருந்தால் ஊருக்கு நான் படிக்காதவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். என் வீட்டில் எதை யார் செய்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆதிரை அந்தத் தாளை நாலாக மடித்துக் கவுன் பையில் போட்டுக்கொண்டாள். தட்டின் முன்னால் போய் உட்கார்ந்தாள். இட்லி ஆறிப்போயிருந்தது. சர்க்கரைப் பாக்கெட்டை எடுத்தாள். வழக்கம்போல அப்பா பக்கம் நீட்டப் போனவள், கையைத் திருப்பி என் பக்கம் நீட்டினாள்.

"இன்னிக்கி நீயே படிம்மா."

நான் வாங்கினேன். வெளிச்சத்தில் பிடித்தேன். எழுத்தெல்லாம் அசைந்து ஒன்றோடொன்று கலந்து தெரிந்தது. இந்தத் தடவை சீட்டின் மேல் தப்பில்லை.